மனைத்தோட்டத்துப் பறவைகள்

பறவைகளைக் காண விழைவோர் வேடந்தாங்கலை நாடுவர், கோடியக்கரைக்குச் செல்வர். ஆங்குச் சென்று காண்டலும் நன்றே. ஆயினும், ஆண்டிற்கொருமுறை மேற்கொள்ளும் அப்பயணத்தினும், நாள்தோறும் நம் இல்லத்தின் கொல்லைக் கதவைத் திறந்து, அரை நாழிகைப் பொழுது அசையாது நின்று நோக்குதல் அறிவுக்கு மிகுதியும் உரம் தருவது என்பது என் துணிபு. ஏரிக்கரையிற் காணும் நாரையும் கூழைக்கடாவும் நமக்கு விருந்தினர் போல்வன. கொல்லையிற் காணும் குருவியோ உறவினர் போல்வது. விருந்தினரின் ஆடையணிகளையே நாம் அறிகின்றோம். உறவினரின் குணமும் குற்றமும் அறிகின்றோம்.

தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே அமைந்துள்ளது அனுமந்தன்பட்டி என்னும் பேரூர். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை. இவ்விரு மலைகட்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கின் வழியே முல்லைப் பெரியாற்று நீர் பாய்கின்றது. மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்கின் அருஞ்செயல் 1895ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அதன் பயனாக இங்கே நெல் இருபோகம் விளைகின்றது. தென்னந்தோப்புகளும், வாழைத்தோட்டங்களும், திராட்சைப் பந்தல்களும் சாலையின் இருமருங்கும் காட்சி தருகின்றன. ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கு மலையைக் கடந்துவரும் காற்று சாரலைத் தூவிச் செல்லும். நெல் விளையுமிடத்தே நெல்லுண்ணும் பறவைகள் கூடுதல் இயல்பு. மலையடிவாரமாதலின் காட்டுப் பறவைகளும் அவ்வப்போது ஊருக்குள் இறங்கிவரும். எனவே, பறவை காண்பார்க்கு இஃது ஏற்ற ஊர் என்பதில் ஐயமில்லை.

தமிழாசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின் யான் பேணிவரும் தோட்டம் பெரிதன்று. ஓர் எலுமிச்சை, ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, ஒரு மாதுளை, வேலியோரத்தே அகத்தி, இவ்வளவே. மூலையொன்றில் புல்லை வெட்டாமல் விட்டிருக்கின்றேன். அண்டை வீட்டார் அதனைச் சோம்பலென்று கருதுவர். அப்புல் முற்றிக் கதிர் விடும்போது அதன்மேல் வந்தமரும் விருந்தினரை அவர்கள் கண்டதில்லை போலும்!

அவ்விருந்தினர் சில்லைகள் எனப்படுவர். பறவைநூல் வல்லார் இட்டு வழங்கும் பெயர் அது. ஊர்மக்கள் தினைக்குருவி என்றும், நெல்லுக்குருவி என்றும் கூறுவர். ஊர்ப்பெயரே எனக்கு உகந்தது. பறவையின் உணவையே பெயராக வைத்த உழவனின் நுண்ணறிவு அதில் விளங்குகின்றது. எனினும், இனத்தை வகைப்படுத்திக் கூறுமிடத்துச் சில்லை என்னும் சொல் பெரிதும் பயன்படும். புள்ளிச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை, சிவப்புச் சில்லை என இவை பலவாம்.

இவற்றுள் எம் தோட்டத்திற்கு மிகுதியாக வருவது புள்ளிச் சில்லை. சிட்டுக்குருவியினும் சிறியது, ஒரு சாணில் பாதி நீளமே உடையது. முதுகு மண்ணிறம், தொண்டை கரும்பழுப்பு, மார்பும் வயிறும் வெண்மை. அவ்வெண்மையின்மேல் மீன்செதிள் அடுக்கிவைத்தாற்போலக் கரிய கோடுகள் வளைந்து வளைந்து அமைந்திருக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபாடின்றி ஒத்திருக்கும். குஞ்சு வளர்ந்து பறக்கத் தொடங்கிய பின்னும் சில திங்கள் அதன் மார்பில் செதிற்கோலம் தோன்றாது; வெறும் மங்கற் பழுப்பாகவே இருக்கும். இதனை அறியாதார் அதனை வேறோர் இனமென்று மயங்குவர். அலகினை நோக்குமின், அடி பருத்து நுனி கூர்ந்து, கூம்பு போன்றது அது. விதையின் உமியை உடைத்து உள்ளீட்டைக் கொள்ளுதற்கென்றே அமைந்த கருவி அவ்வலகு. பூச்சியுண்ணும் பறவைக்கு மெல்லிய அலகும், தேனுண்ணும் பறவைக்கு வளைந்து நீண்ட அலகும், விதையுண்ணும் பறவைக்குப் பருத்த அலகும் இருத்தலைக் கொல்லையில் நின்றே ஒருவன் கற்றுவிடலாம். அலகைக் கண்டு உணவைக் கூறுதல் பறவைநூலின் அரிச்சுவடி.

முற்றிய புல்லின் தாள் மெல்லியது. ஆயினும் இக்குருவி அதன்மேல் அமரும்போது தாள் ஒடிவதில்லை. தாள் வளைந்து தாழ, குருவியும் உடன் தாழ்ந்து, தலைகீழாகத் தொங்கியவாறே கதிரை உருவி உண்ணும். ஒன்று பறந்தால் கூட்டம் முழுவதும் பறக்கும். ஒன்று அமர்ந்தால் அனைத்தும் அமரும். தனித்து உண்ணும் சில்லையைக் காண்பது அரிது. பல கண்கள் காவல் காக்கும்போது வல்லூறு வருதலை யாரேனும் ஒருவர் முன்னரே கண்டுவிடுவர் அன்றோ?

மேலைநாட்டார் இப்பறவைகளைப் ‘பிஞ்ச்’ என்னும் பொதுப்பெயரால் அழைப்பதுண்டு. பறவைநூலார் அதனை முற்றும் ஒப்புவதில்லை. உண்மைப் பிஞ்சுகள் வேறு குடும்பத்தன. நம் சில்லைகளோ தூக்கணாங்குருவிக்கு நெருங்கிய உறவுடையன. டார்வின் என்னும் பேரறிஞர் 1835ஆம் ஆண்டில் கலாப்பகசுத் தீவுகளிற் கண்டு, பின்னர் உயிர்மலர்ச்சிக் கொள்கைக்குச் சான்றாகப் பெரும்புகழ் எய்திய பிஞ்சுகளும் உண்மைப் பிஞ்சுகள் அல்ல என்பர் இக்கால அறிஞர். பருத்த அலகு ஒன்றே கண்டு பெயரிட்டதன் விளைவு இது. உணவு ஒத்தமையால் அலகு ஒத்தது. அலகு ஒத்தமையால் பெயர் ஒத்தது. குருதியுறவு மட்டும் ஒத்திலது!

சிவப்புச் சில்லையின் பெயர்பற்றி ஒரு செய்தி கூறல் வேண்டும். நீர்நிலையருகே உயர்ந்து வளரும் புற்களிடையே வாழ்வது அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை குங்குமத்திற் குளித்தெழுந்தாற்போல் சிவந்து, மேனியெங்கும் வெண்முத்துப் புள்ளிகளுடன் விளங்கும். அவ்வழகே அதற்குப் பகையாயிற்று. முற்காலத்தில் குசராத்து நாட்டு அகமதாபாத் நகரத்தினின்றும் இப்பறவைகளைக் கூண்டிலடைத்து ஐரோப்பாவிற்குக் கப்பலேற்றினர். அந்நகரின் பெயரே திரிந்து ‘அமந்தவா’ என அறிவியல் நூலில் அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. பிறந்த புல்வெளியின் பெயரன்று, விலைபோன சந்தையின் பெயரே அப்பறவைக்கு வாய்த்தது.

இனித் தூக்கணாங்குருவியைக் காண்போம். வீட்டுத் தோட்டத்தினும், கிணற்றை நோக்கிச் சாய்ந்த தென்னையும் கருவேலமும் பனையுமே அதற்கு உகந்த இடங்கள். ஆயினும், கூட்டிற்கு வேண்டும் நாரினை உரிப்பதற்கு எம் தோட்டத்துப் புல்லையும் அது நாடி வருவதுண்டு. புல்லின் ஓரத்தை அலகால் நறுக்கி, பறந்தபடியே கிழித்து, ஒரு முழ நீளத்து நாரினை வாயிற் கவ்விச் செல்லும் காட்சி காணத்தக்கது. கூடொன்றை முடிக்க ஏறத்தாழ பதினெட்டு நாளும், ஐந்நூறு வரையிலான பயணமும் ஆகுமென்று கணக்கிட்டுள்ளனர்.

கூட்டினைக் கட்டுவது ஆண். பாதி கட்டியவுடன், தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி போன்ற அந்நிலையில், பணியைச் சற்று நிறுத்தி, சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண்குருவி வந்து கூட்டின் உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து ஆராயும். மனத்திற்குப் பிடித்தால் அங்கே தங்கும். பிடியாதாயின் வேறு கூட்டை நாடும். பெண் ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் நீண்ட வாயிற்குழலைக் கட்டி முடிக்கும். முடித்தபின் அடுத்த கூட்டைத் தொடங்கி, மற்றொரு பெண்ணை அழைக்கும். பாதியில் நின்ற கூடுகள் மரத்தில் தொங்குவதைக் கண்டு, ஆண்குருவி ஊஞ்சலாடக் கட்டியவை என்று ஊரார் உரைப்பர். அவை பெண்குருவியால் மறுக்கப்பட்ட வீடுகள் என்பதே உண்மை. இதனைத் தெளிவுறக் கண்டு உலகிற்கு உரைத்தவர் சலீம் அலி. பம்பாய்க்குத் தெற்கே கிகிம் என்னும் கடற்கரையூரில், 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தூக்கணாங்குருவிக் குடியிருப்பொன்றை நாள்தோறும் நோக்கிக் குறித்தார் அவர். அதற்கு முன்னரும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் அக்கூட்டைக் கண்டே வந்தனர். ஒரே மரத்தை நாள்தோறும் நோக்கியவர் இலர்.

கூட்டினுள் மின்மினியை மண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்பது நம் பாட்டியர் கூறும் கதை. கூட்டினுள் மண்ணுருண்டை இருப்பது மெய். விளக்கு என்பது கற்பனை. காற்றில் கூடு மிகுதியாக அலையாதிருத்தற்கு அம்மண் எடையாய் உதவுகின்றது என்று கருதுவோர் உளர். கதையை நான் வெறுப்பவனல்லேன். மண்ணுருண்டையைக் கண்ட கண்தான் அக்கதையையும் கட்டிற்று.

குருவிகள் விட்டுச்சென்ற பழைய தூக்கணாங்கூடுகள் வறிதே கிடப்பதில்லை. வெண்தொண்டைச் சில்லைகள் அவற்றில் குடிபுகும். சாம்பலும் பழுப்பும் கலந்த எளிய மேனியும், வெள்ளிபோல் வெளிறிய அலகும், கரிய கூர்வாலும் கொண்டவை அவை. மாலையில் ஒரே கூட்டினுள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குருவிகள் நுழைவதைக் கண்டால், இத்துணை பேர்க்கும் உள்ளே இடம் ஏதென வியப்போம்.

சங்கச் சான்றோர் இக்குருவிகளை நன்கு அறிந்திருந்தனர். பனையில் தொங்கும் தூக்கணாங்கூட்டினைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாகக் கையாண்டுள்ளார். அந்நூலின் 46ஆம் பாட்டில் மாமிலாடனார், வீட்டிறப்பில் வாழும் சிட்டுக்குருவியை ஓவியம்போல் தீட்டியுள்ளார். வாடிய ஆம்பல் இதழ்போல் குவிந்த அதன் சிறகினையும், முற்றத்தில் உலர்த்திய தானியத்தை அது தின்பதையும், எருவின் பொடியிற் குடைந்து ஆடுவதையும், இறப்பில் தன் பிள்ளையொடு தங்குவதையும் அவர் கூறுகின்றார். நான்கும் இன்றைய பறவைநூலார் எழுதிவைக்கும் செய்திகளே. உணவு, நீராட்டுக்கு ஈடான புழுதியாட்டு, உறைவிடம், மேனிவண்ணம் ஆகிய அனைத்தும் சில அடிகளில் அடங்கிவிட்டன. பாரியின் பறம்புமலை முற்றுகையிடப்பட்டிருந்த காலத்துக் குருவிக்கூட்டம் காலையிற் சென்று மாலையில் நெற்கதிர் கொண்டுவந்தமை அகநானூற்றில் ஔவையார் வாக்கில் இடம்பெறுகின்றது. குருவி காலையிற் கூட்டமாய்ச் சென்று மாலையிற் கூட்டமாய் மீள்வதை நேரிற் கண்டவர்க்கே அவ்வுரை தோன்றும்.

அந்தச் சிட்டுக்குருவி மறைந்துவிட்டது என்று பலரும் வருந்திக் கூறுகின்றனர். நாடு முழுமைக்கும் நோக்கின், அதன் தொகை பெரிதும் குறையவில்லை என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலைபற்றிய அறிக்கை கூறிற்று. பெருநகரங்களிலோ குறைந்துவருகின்றது. கைப்பேசிக் கோபுரமே அதற்குக் காரணம் என்பார் உளர், அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஓட்டு வீடுகளின் இறப்புப் போய்ச் சீமைக்காரைச் சுவர்கள் எழுந்தன. குருவிக்கு வீடு இல்லாதாயிற்று. குஞ்சுக்கு முதல் நாள்களில் புழுவே உணவு. தோட்டம் போயின் புழுவும் போகும். கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் இவையாக இருக்க, கோபுரத்தை மட்டும் நொந்து யாது பயன்?

ஏனைய பறவைகளை விரைந்து கூறிச் செல்வேன். செம்பருத்திப் பூவில் தலைகீழாய்த் தொங்கித் தேன் பருகுவது தேன்சிட்டு. சிலந்தி நூலும், பட்டைத் துணுக்கும், காய்ந்த இலையும் கொண்டு அது கட்டும் கூடு, குப்பை தொங்குவதுபோல் தோன்றிப் பகைவர் கண்ணை மறைக்கும். அகன்ற இலையின் ஓரங்களைத் துளைத்து, பஞ்சினையும் சிலந்தி நூலினையும் புகுத்தித் தைத்துக் கூடமைப்பது தையற்சிட்டு. உடல் விரலளவு, குரல் ஊரளவு. தவிட்டுக்குருவிகள் ஆறும் எழுமாய்த் திரிந்து, சருகைப் புரட்டி, ஓயாது பூசலிடும். ஆயினும் அவற்றுள் ஒன்றற்கு இடர் வரின் அனைத்தும் ஓடிவரும். விடியலில் முதற்குரல் எழுப்புவது பெரும்பாலும் கரிச்சான். காக்கையையும் பருந்தையும் அஞ்சாது துரத்தும் அதன் மறத்தை நம்பி, பிற சிறு பறவைகள் அது வாழும் மரத்திலேயே கூடு கட்டுவதுண்டு.

உழவர் இப்பறவைகளை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதையும் கூறாது விடலாகாது. நெல் பால்பிடித்து முற்றுங் காலத்தில் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் திரண்டு வந்து வயலில் இறங்கும். பாடுபட்டவன் வயிறு எரியாதிருக்குமோ? தினைப்புனம் காத்த சங்ககால மகளிர் தட்டையும் தழலும் குளிரும் ஆகிய கருவிகளைக் கொண்டு ஓட்டினர். இன்று தகரம் தட்டுகின்றனர், ஒளிரும் நாடாவைக் கட்டுகின்றனர். ஓட்டுதல் வேறு, ஒழித்தல் வேறு என்பதை இருவரும் அறிந்திருந்தனர். அறியாத ஓர் அரசும் இருந்தது. சீன நாட்டில் 1958ஆம் ஆண்டில், எலி, ஈ, கொசு என்பவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து நான்கு பகைகள் எனச் சாற்றினர். மக்கள் திரண்டு பறைகொட்டிக் குருவிகளை அமரவிடாது விரட்ட, அவை களைத்து வீழ்ந்து மடிந்தன. கூடுகள் கலைக்கப்பட்டன, முட்டைகள் உடைக்கப்பட்டன. குருவி தின்ற தானியம் கணக்கில் இருந்தது. குஞ்சுக்கு ஊட்டிய புழு கணக்கில் இல்லை. பயிருண்ணும் பூச்சிகள் பெருகின. அந்நாட்டில் அக்காலத்து நேர்ந்த கொடும் பஞ்சத்திற்குப் பல காரணங்கள் உள. இதுவும் அவற்றுள் ஒன்று. 1960ஆம் ஆண்டில் பகைவர் பட்டியலினின்றும் குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

இனி எம் தோட்டத்து எலுமிச்சையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டின் பின்புறத்தே ஓர் அறை கட்ட எண்ணி ஏற்பாடு செய்திருந்தோம். எலுமிச்சை நின்ற இடத்திலேயே வானம் தோண்ட வேண்டியிருந்தது. ஆவணித் திங்களில் கொத்தனார் நூல்கட்ட வந்தபோது, முள்நிறைந்த கிளைகளுக்கிடையே புல்லுருண்டை ஒன்று இருப்பதைக் கண்டார். தேங்காயினும் சற்றுப் பெரியது. பக்கவாட்டில் ஒரு வாயில். புள்ளிச் சில்லையின் கூடு அது.

“ஐயா, ஐப்பசி அடைமழைக்கு முன்னே கடைக்காலை முடித்துவிட வேண்டும். இன்று மரத்தை எடுத்தால்தான் முடியும். கூட்டை அப்படியே எடுத்துப் பக்கத்து மாதுளையில் வைத்துவிடலாமே?” என்றார் அவர். தீய எண்ணத்தால் கூறியதன்று. ஆள்களுக்குக் கூலி பேசி வந்தவர் அவர்.

கூட்டை இடம் மாற்றினால் தாய்ப்பறவை பெரும்பாலும் கைவிட்டுவிடும் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்று வினவினார். சில்லை நான்கு முதல் எட்டு வரை வெண்ணிற முட்டைகளை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். ஏறத்தாழ இருவாரங்களிற் குஞ்சு பொரிக்கும். பின்னும் மூன்று வாரம் அளவில் குஞ்சு பறந்துவிடும். “ஐந்து வாரம்” என்றேன். அவர் முகம் சுருங்கிற்று.

அதுவரை வாளா நின்ற என் மனைவியார், “நம் வீட்டில் பிள்ளை பெற்றவளை அன்றே எழுப்பி வேறு வீட்டுக்கு அனுப்புவோமா? கொத்தனார் தம்பி, மதிற்சுவர் வேலையை முதலில் பாருங்கள். இது புரட்டாசி கழியட்டும்” என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.

வீண்போன கூலி எங்களுடையது. மழை சற்று முந்தியே வந்தமையால் கடைக்காற் குழியில் நீர் தேங்கியதும் மெய். ஆயினும் அந்த ஐந்து வாரமும் சன்னலின் உட்புறத்தே அமர்ந்து யாங்கள் கண்டவை பல. தாயும் தந்தையும் இரையை வாயிற் கவ்வி வரவில்லை. விதைகளை விழுங்கிக் கொணர்ந்து, கக்கி ஊட்டின. அவை கூட்டிற்கு நேரே பறந்து வந்ததேயில்லை. முருங்கையில் அமர்ந்து, சுற்றும் நோக்கி, பின்னரே நுழைந்தன. பறக்கத் தொடங்கிய பின்னும் குஞ்சுகள் சில நாள் மாலைதோறும் அக்கூட்டிற்கே உறங்க வந்தன. ஆறு குஞ்சுகள் எனக் கணக்கிட்டோம். ஒன்றன் மார்பிலும் செதிற்கோலம் இல்லை.

எங்களினும் பெரிய பொறுமை காட்டிய ஊர் ஒன்றுண்டு. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில், 2020ஆம் ஆண்டில், தெருவிளக்குகளை ஏற்றும் மின்பெட்டியினுள் சிறு குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. விசையைத் தொட்டால் பறவைக்கு இடர். ஊரார் கூடிப் பேசி, குஞ்சுகள் பறந்து செல்லும் வரையில், ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவிளக்கின்றி இருளில் வாழ்ந்தனர். ஒரு வீட்டார் இசைவது எளிது. ஓர் ஊர் முழுதும் இசைவது அரிது. முதலில் முணுமுணுத்தோரும் அவ்வூரில் இருந்தனர். அவர்களையும் இசைவித்தமையே அதன் சிறப்பு.

இவ்வளவு அருகில் வரும் பறவையைப் பிடித்துக் கூண்டில் வைத்துக்கொண்டால் நாள்முழுதும் காணலாமே என்று சிலர்க்குத் தோன்றும். நகரங்களில் சில்லைகளைப் பிடித்து, பச்சையும் மஞ்சளுமாய்ச் சாயந்தோய்த்து, அயல்நாட்டுப் பறவையென விற்போரும் உளர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்தல் குற்றமாகும். அவற்றின் வாணிகம் 1990-91ஆம் ஆண்டுகளிலிருந்து முற்றும் தடுக்கப்பட்டுள்ளது. கடைகளில் பிஞ்சு என்னும் பெயரால் வெளிப்படையாக விற்கும் வரிச்சிறகுப் பறவைகள் ஆத்திரேலிய இனத்தன. தலைமுறை தலைமுறையாய்க் கூண்டிலேயே பெருக்கப்பட்டவை.

கூண்டு பறவையை என்ன செய்யும் என்பதற்குச் சில்லையே ஒரு சான்று. நம் மலையடிவாரங்களில் வாழும் வெண்முதுகுச் சில்லையின் இனத்தை, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சீனத்தினின்றும் சப்பானுக்குக் கொண்டுசென்று கூண்டில் வளர்த்தனர். இன்று அவற்றின் வழிவந்தவை வெண்மையும் பழுப்புமாய் நிறம் மாறியுள்ளன. காட்டுச் சில்லையின் பாட்டு எளிய ஒழுங்குடையது. கூண்டுச் சில்லையின் பாட்டோ பல்வகைத் திருப்பங்களுடையது என அந்நாட்டு அறிஞர் ஆராய்ந்து கண்டுள்ளனர். கூண்டில் இரை தேடும் கவலையும், பகைவர் அச்சமும், தன் இனத்தைக் குரலால் அறிந்துகொள்ளும் இன்றியமையாமையும் இல்லாமற் போனமையே அதற்குக் காரணமாகலாம் என்பர். அழகிய பாட்டுத்தான், ஆனால் அதனைப் பாடுவது புல்லின் தாளில் தொங்கத் தெரியாத குருவி. எனக்கு எலுமிச்சைக் கிளையில் எழும் எளிய ‘கிட்டி கிட்டி’ என்னும் ஒலியே போதும்.

மாணவர்களே, பறவைகளைத் தோட்டத்திற்கு வருவிக்கப் பொருட்செலவு வேண்டா. அகன்ற மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கிடை ஆழத்திற்கு நீர் வைம்மின். ஆழம் மிகின் சிறு குருவி இறங்க அஞ்சும். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் கொசு பெருகும், பறவைகட்கும் நோய் பரவும். பூனை பதுங்கும் புதரருகே தட்டினை வைத்தலாகாது. சிறிது தினையோ சாமையோ கம்போ தூவலாம். உப்பும் எண்ணெயும் சேர்ந்த தின்பண்டம் கூடாது. கொல்லையின் ஒரு மூலையிலேனும் புல்லைக் கதிர்விட விடுமின். நீவிர் தூவும் தானியத்தினும் அதுவே சில்லைக்கு நல்விருந்து. இருகண்ணோக்கி இருப்பின் நன்று; இல்லையேல் குறையில்லை. வெளிர்நிற ஆடையைத் தவிர்த்து, ஓரிடத்தே அமர்ந்து, பேசாதிருத்தலே முதற்கருவி. கூட்டின் அருகே அடிக்கடி செல்லுதலும், கிளையை விலக்கிப் பார்த்தலும் வேண்டா. நீவிர் விலக்கிய வழியே காக்கையும் காணும்.

கண்டதைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல், இவை போதும். பெயர் தெரியாதாயின் நிறத்தையும் அலகையும் வாலையும் எழுதுமின். இத்தகைய சிறு குறிப்புகட்கு என்ன மதிப்பு என்று நினையாதீர். தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்றுவருகின்றது. வீட்டுக் கொல்லையிலோ, வயல்வரப்பிலோ, பள்ளி வளாகத்திலோ கால்மணி நேரம் நின்று கண்ட பறவைகளை எண்ணி அனுப்பலாம். சிறுவரும் முதியோரும் அதிற் கலந்துகொள்கின்றனர். நாடெங்கும் இவ்வாறு எளிய மக்கள் அனுப்பிய ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகளை ஆராய்ந்தே, 942 பறவையினங்களின் நிலையை 2023ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். நெடுங்கால மாற்றத்தை அறியக்கூடிய 338 இனங்களுள், நூற்றுக்கு அறுபது குறைந்துவருகின்றன என்பது அதனால் தெரியவந்தது. கோடிக் குறிப்புகளுள் ஒரு குறிப்பு, யாரோ ஒரு மாணவன் தன் வீட்டுக் கொல்லையில் ‘புள்ளிச் சில்லை, பதினொன்று’ என்று எழுதியதாக இருத்தல் கூடும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தோட்டத்திற்குப் புதியோர் வருவர். வாலை ஓயாது ஆட்டும் வாலாட்டிக் குருவி வாய்க்காலோரத்தே தோன்றும். மாங்குயில் மஞ்சட்பொன்னாய் வேம்பினிடையே ஒளிரும். இவர்களுள் எனக்கு மிக உகந்தது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்தும் நடுவண் இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருவது அது. பச்சை முதுகும், வெளிர்மஞ்சள் வயிறும், சிவந்த அடிவாலும், கண்வழியோடும் கருங்கோடும், குட்டைவாலும் உடையது. இரவிற் பறந்துவந்து, விடியலில் களைத்து, சில வேளை வீட்டுத் திண்ணையிலும் விழுந்து கிடக்கும். அவ்வாறு கண்டால் காக்கையும் பூனையும் அணுகாமல் நிழலில், காற்றுப்புகும் அட்டைப்பெட்டியில் அமைதியாக வைத்து, மாலையில் திறந்துவிடுதல் நன்று. பெரும்பாலும் எழுந்து பறந்துவிடும். பகலெல்லாம் சருகிடையே மறைந்து இரைதேடும் அப்பறவை, காலை ஆறுமணியளவிலும் மாலை ஆறுமணியளவிலும் இருமுறை கூர்ந்த சீழ்க்கையொலி எழுப்பும். மேகமலையின் உச்சியில் வெயில் ஏறும் நேரத்தில், அகத்தி வேலியின் அடியிலிருந்து அவ்வொலியை முதன்முதற் கேட்ட நாளை என் குறிப்பேட்டில் ஆண்டுதோறும் சிவப்பு மையால் எழுதிவருகின்றேன்.